கயிறு பிடிக்க ஆளில்லை

கடல் தெரிகிற ஜன்னலை மூடி வைத்துக்கொண்டு வாழ்ந்தேன். தூத்துக்குடியில் நான் வாடகைக்கு இருந்த மாடி அறைக்கு அந்த ஒரு ஜன்னல்தான். வீட்டுக்காரம்மா கீழே முற்றத்தில் நின்றுகொண்டு மேலே பார்த்துச் சொல்வாள்: "காத்துக்குத்தான இந்த ரூம எல்லாரும் கேப்பாவ. டீச்சர் என்னடான்னா காத்த வெளிய நிப்பாட்டி வச்சிருக்காவ."

காற்றோடு எனக்குப் பகை இல்லை. கடலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு சங்குக் கிட்டங்கி இருந்தது. முக்குளித்து எடுத்து வருகிற சங்குகளை அங்கே குவித்துப் போட்டு வைப்பார்கள். உள்ளே இருக்கிற சதை அழுகிப் புழுத்துத் தானாகக் கழன்றால்தான் சங்கு சுத்தமாகும். கிழக்கே இருந்து காற்று வந்தால் அந்த வாடை படியேறி வந்து என் தலையணையில் படுத்துக்கொள்ளும். நான் சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரி. தேரிக்காட்டுச் செம்மணலும் பனையும் பார்த்து வளர்ந்த மூக்கு. என்னால் முடியவில்லை. மூடினேன். மூடிய அறையில் மண்ணெண்ணெய் வாசனையும் கேரியரில் வந்த குழம்பின் வாசனையும் நானும் இருந்தோம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இன்று நாற்பதைத் தாண்டிவிட்டேன். அந்த வயதை நினைத்தால் ஒரு பெண் முகம் தெரிவதில்லை. மூடிய ஜன்னல்தான் தெரிகிறது.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. துறைமுகத்தில் கப்பல்கள் வருவது குறைந்து, தோணிகள் கரையோரம் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தன. அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். ரங்கூனில் கணக்கெழுதப் போனவன். அந்த ஊர் ஜப்பான்காரன் கையில் விழுந்த செய்தி வந்தது. அவனிடமிருந்து கடிதம் வரவில்லை. அம்மாவும் அப்பாவும் ஏற்கெனவே போய்விட்டார்கள். தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைகிற நேரத்தில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தாலும் என் காது மட்டும் அந்தத் தெருவில் நின்றுகொண்டிருக்கும்.

பள்ளிக்கூடம் மிஷன்காரர்கள் நடத்திய பெண்கள் உயர்நிலைப் பள்ளி. கடைசி வகுப்புக்கு இங்கிலீஷ் என் பொறுப்பு. பாடப்புத்தகத்தில், பழைய ஆங்கில நாடகாசிரியர் ஒருவரின் துன்ப நாடகத்திலிருந்து கடைசிக் காட்சி மட்டும் சேர்த்திருந்தார்கள். ஒரு படைத்தலைவன், பொய் சொன்னவன் ஒருவனை நம்பித் தன் மனைவியைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறான். பிறகு உண்மை தெரிகிறது. தெரிந்ததும் தன்னை ஒரு முத்தை வீசி எறிந்தவனோடு ஒப்பிட்டுப் பேசுகிறான்.

அணி நயம் கற்பிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கல்லூரியில் எனக்குச் சொல்லித்தந்த வழி. கரும்பலகையில் நான்கு கட்டம். முதல் கட்டத்தில் அணியின் பெயர். அடுத்ததில் எது எதனோடு ஒப்பிடப்படுகிறது. மூன்றாவதில் பொதுத்தன்மை. நான்காவதில் எழுகிற உணர்ச்சி. நான்கையும் நிரப்பிவிட்டால் உவமை செத்துப் பெட்டிக்குள் படுத்துவிடும். பரீட்சைக்கு அது போதும்.

முதலில் அவர்களாகச் சொல்லிப் பழகட்டும் என்று ஒரு நாள் கேட்டேன், இருட்டு எதைப் போல இருக்கிறது என்று.

"கருவாட்டுச் சாக்கு போல, டீச்சர்," என்றாள் பின்வரிசைக்காரி ஒருத்தி.

"ஏளா, சாக்கு கருப்பாவா இருக்கும்?" என்றாள் பக்கத்திலிருந்தவள். மளிகைக் கடைக்காரர் மகள். சாக்குகளைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை.

"வெளிய இருந்து பாத்தா கருப்பு இல்ல. தலையில கவுத்திப் பாரு. இருட்டும் தெரியும், வேற ஒண்ணும் தெரியும்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு புத்தகத்திலிருந்த உவமையைச் சொல்லி எழுதவைத்தேன். கருவாட்டுச் சாக்கு எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

சாக்கைச் சொன்னவள்தான் இந்தக் கதைக்குரியவள். கத்தோலிக்கப் பெண். கடற்கரைத் தெரு. அப்பா சங்கு குளிக்கிறவர். ஆழத்தில் அழுத்தம் தாங்கிக் காது கெட்டுப்போனதால், அவள் வீட்டில் எல்லாரும் உரக்கப் பேசுவார்கள். வகுப்பிலும் அவளுக்கு மெல்லப் பேச வராது. அவள் கேள்வி கேட்டால் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்ப்பாள்.

முத்து உவமைக்கு நான் சொல்லி எழுதவைத்த குறிப்பு இன்றும் எனக்கு மனப்பாடம். முத்து அரியது, தூயது, ஒளி பொருந்தியது. மனைவியும் அவ்வாறே. எறிந்தவன் மதிப்பு அறியாத மூடன். எழும் உணர்ச்சி இரக்கம். நான்கு கட்டமும் நிறைந்துவிட்டன. சுண்ணாம்புக் கட்டியை வைத்துக் கையைத் தட்டிக்கொண்டேன்.

அவள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், அந்தப் பொண்ணுக்குக் கூடப் பொறந்தவன் யாரும் இல்லியா?"

"யாருக்கு?"

"செத்துப்போனாள்லா, அவளுக்கு."

"அண்ணன் இருந்தா என்னளா செய்வான்?" என்றாள் மளிகைக் கடைக்காரர் மகள்.

"கயிறு பிடிப்பான்."

வகுப்பு குலுங்கிற்று. கடற்கரைத் தெருப் பெண்கள் மூன்று நான்கு பேர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருத்தி எனக்காக விளக்கினாள். முக்குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மறு முனை படகில் ஒருவன் கையில் இருக்கும். அடியிலிருந்து கயிறு அசைந்தால் அவன் உடனே மேலே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டார்கள். மனைவியின் கூடப் பிறந்தவன்தான் பிடிப்பான். அவன் ஒரு கணம் அயர்ந்தால் தாலி அறுக்கப்போவது அவனுடைய சொந்த அக்காளோ தங்கையோ. அதனால் அயர மாட்டான்.

"சரி," என்றேன், "ஆனால் அந்த நாடகத்தில் யாரும் கடலுக்குள் போகவில்லையே."

"போகல்ல டீச்சர். ஆனா அந்த ஆளு ஆழத்துக்குப் போயிட்டாம்லா. மேல இழுக்க மச்சினன் இல்ல. அவளுக்கும் அண்ணன் இல்ல. பொய் சொல்லுதவன் கையில கயிறு இருக்கு."

நான் அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். நிற்கவில்லை. கூடப் பிறந்தவன் என்ற பேச்சு எழுந்ததுமே என் காது எங்கள் தெருவுக்குப் போய்விட்டது. தபால்காரரின் சைக்கிள் மணி. இல்லை. "பாடத்தில் இல்லாததை எல்லாம் கேட்டு நேரத்தை வீணாக்காதே, உட்கார்," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவள் உட்கார்ந்தாள். மீதி வகுப்பு முழுவதும் நான்கு கட்டத்தையும் கோடு வளையாமல் படியெடுத்துக்கொண்டிருந்தாள்.

அரசாங்கப் பரீட்சைக்கு யார் யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய, தை மாதத்தில் பள்ளிக்கூடமே ஒரு பரீட்சை வைக்கும். அதில் தேறாதவள் அந்த வருஷம் போக முடியாது. எங்கள் தலைமையாசிரியைக்கு அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. யுத்தத்தில் காகிதம் கிடைக்கவில்லை. ஒரு தாளை இரண்டாகக் கிழித்து ஆளுக்கு அரைத் தாள்களாகக் கொடுத்தோம். பெண்கள் எறும்பு ஊர்வது போலச் சின்ன எழுத்தில் எழுதினார்கள். திருத்தித் திருத்தி என் கண் எரிந்தது.

முத்து உவமையை விளக்குக என்று நான்தான் கேள்வி வைத்திருந்தேன். மற்ற முப்பது பேரும் நான்கு கட்டத்தையும் வாந்தியெடுத்திருந்தார்கள். அவளுடைய அரைத் தாள் வேறு எதையோ சொல்லிற்று. காலமும் ஒருமை பன்மையும் கண்டபடி கிடந்த இங்கிலீஷ். சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பாடத்துக்குத் தொடர்பில்லை, குறிப்பைப் படி என்று எழுதி, சுழி போட்டேன். கோடு போடும்போது மனசில் ஒன்றும் நிகழவில்லை. அதுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை. ஒரு சின்ன உறுத்தல்கூட இல்லை.

இங்கிலீஷில் தேற அவளுக்கு ஆறு மதிப்பெண் குறைந்தது. வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயர் இல்லை.

சனிக்கிழமை காலையில் என் அறைப் படிக்கட்டில் காலடி கேட்டது. என் படியில் யாரும் ஏறுவதில்லை. கேரியர் கொண்டுவருகிறவனும் கீழேயே வைத்துவிட்டுப் போவான். கதவைத் திறந்தேன். வெளுத்த சேலையை இழுத்துப் போர்த்திய ஓர் அம்மாள், நாற்பது வயது இருக்கும்.

"டீச்சர் இருக்காவளா?" என்று என்னிடமே உரக்கக் கேட்டாள். குரலிலேயே யார் என்று தெரிந்துவிட்டது.

அழுது கெஞ்சுவாள் என்று நினைத்து அதற்கு ஒரு பதிலை உடனே தயார் செய்துகொண்டேன். அவள் அழவில்லை. உட்காரச் சொன்னதற்குத் தரையில் உட்கார்ந்து, அறையைச் சுற்றிப் பார்த்து, மூடிய ஜன்னலில் பார்வையை நிறுத்தினாள்.

"பிள்ளை ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. பேப்பர்ல என்னளா எழுதுனன்னு கேட்டா நம்ம சங்கதியத்தான் எழுதுனேங்கா. நம்ம சங்கதி இங்கிலீசு பரீட்சைக்கு எதுக்குன்னு ஒரு அடி வச்சேன். பொறவு மனசு கேக்கல. எனக்கு வாசிக்கத் தெரியாது. அவ என்ன எழுதுனான்னு நீங்க ஒருக்கா வாசிச்சுச் சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்."

"பட்டியல் ஒட்டியாகிவிட்டதே அம்மா."

"ஒட்டுனது ஒட்டுனதுதான். அவுக அப்பா அப்பவே சொல்லிட்டாவ, பரீட்சைக்கு விட்டா டீச்சருக்குப் படிக்கட்டும், இல்லன்னா தபசு நாப்பது நாள் நோம்பு தொடங்கதுக்கு முன்ன கல்யாணம்னு. மாப்பிள்ள கொழும்புல இருக்கான். நல்ல பையன்தான். ஒண்ணும் குத்தம் சொல்லதுக்கு இல்ல. ஆனா என்ன தப்பு செஞ்சா பிள்ளன்னு தெரியாம அனுப்ப எனக்கு ஒப்பல."

விடைத்தாள் கட்டு என் மேசையில்தான் இருந்தது. அரைத் தாளை உருவினேன். அவளுக்காக ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். அவள் மகள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்:

முத்து அப்போது பளபளப்பாக இல்லை. அது அழுகின சிப்பிக்கு உள்ளே இருக்கிறது. புழு இருக்கிறது. நாற்றம் இருக்கிறது. துழாவுகிறவர்கள் முகத்தைத் திருப்பக் கூடாது. திருப்பினால் முத்து அழுக்கோடு போய்விடும். இந்த மனுஷன் முகத்தைத் திருப்பிவிட்டான். பொய் சொன்னவன் கொண்டுவந்த நாற்றத்தை இவன் முத்தின் நாற்றம் என்று நினைத்தான். அந்தப் பெண்ணுக்கு அண்ணன் தம்பி இல்லை. அதனால் கயிறு பிடிக்க ஆளில்லை.

இங்கிலீஷில் திருத்தியபோது பிழைகள்தான் என் கண்ணில் விழுந்தன. தமிழில் என் வாயாலேயே சொன்னபோது பிழை எதுவும் மிஞ்சவில்லை. கடைசி வாக்கியத்தில் என் குரல் இறங்கிவிட்டது. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மூஞ்சியத் திருப்பக் கூடாதுன்னு நாந்தான் சொல்லிக் கொடுத்தேன்," என்றாள். லேசாகச் சிரித்தாள். "முத்துக்குளிப்பு கடைசியா நடந்தப்ப இவ என் வயித்துல. சிப்பியக் குமிச்சு அழுகப் போட்டுருவாவ. பத்து நாள். ஊரே நாறும். ஈ மொய்க்குத மொய்ப்புல வாயத் தொறந்து பேச முடியாது. கழுவி முத்த எடுத்தது போவ, மிஞ்சுன மண்ணச் சலிக்க எங்களுக்கு விடுவாவ. வயித்துப் பிள்ளக்காரிக்கு அந்த நாத்தம் எப்படி இருக்கும். ஒவ்வொரு தடவையும் மூஞ்சி தன்னால திரும்பும். எங்க மாமியார் தாடையப் பிடிச்சுத் திருப்பி வைப்பா. 'அங்கன பாரு, கடுகு மணி முத்து போயிரும்'பா."

"கிடைத்ததா?"

"கடுகு மணி ரெண்டு. அத விடுங்க. அவுக பங்குக்குக் கெடச்ச சிப்பியக் கரையிலயே மூடுன படிக்கே வித்துட்டாவ. அங்கன அப்படித்தான் டீச்சர். யாரும் தொறந்து பாத்து விக்கதில்ல, தொறந்து பாத்து வாங்குததும் இல்ல. வீட்டுல அரிசி இல்ல, பத்து நாள் எங்க காத்திருக்க. உள்ள என்ன இருந்துச்சோ மாதாவுக்குத்தான் தெரியும்."

 பிறகு அந்த நாடகத்தில் நடந்தது என்ன என்று கேட்டாள். சொன்னேன். கொன்றதை, உண்மை தெரிந்ததை, முத்தை எறிந்தவனைப் போல என்று அவன் சொல்வதை. தலையை ஆட்டிக் கேட்டாள்.

"பாவந்தான். ஆனா அந்த ஆளுக்குக் கடைசியிலயாவது எறிஞ்சது முத்துன்னு தெரிஞ்சுதுல்லா. எங்களுக்கு அதுகூடத் தெரியாது."

எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். படியில் இறங்குமுன் திரும்பினாள். "இதுல எது தப்புன்னு நீங்க இன்னும் சொல்லல."

 நான்கு கட்டம் போட்டு அடைத்த அந்த உவமையில் முத்து ஒரு நகைக்கடைப் பொருள். பட்டுத் துணியில் வைத்துக் காட்டுகிற ஒன்று. அதை எறிந்தவன் மூடன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அவள் மகள் எழுதிய முத்து வேறு. அழுகலுக்குள் கையை விட்டு, முகத்தைத் திருப்பாமல், இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலேயே துழாவ வேண்டிய ஒன்று. ஒருத்தியை நம்புவது என்றால் அதுதான். கல்லூரியில் எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவள் என் வகுப்பில் இருந்தாள். அவளை உட்காரச் சொன்னேன்.

"தப்பு இல்லை அம்மா," என்றேன். "திங்கட்கிழமை பேசுகிறேன்."

தலைமையாசிரியை ஐம்பதைத் தாண்டியவர். கதர்ச் சேலை, இரும்புக்கம்பி மூக்குக் கண்ணாடி. அரைத் தாளை இரண்டு முறை படித்தார்.

"தாயார் வந்து அழுதாளாக்கும்."

"அழவில்லை அம்மா. அவள் அழவே இல்லை."

"பின்னே எதற்கு மாற்ற வேண்டும்?"

"விடை சரி. நான் போட்டதுதான் தவறு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது களைப்பு. "விடை சரி என்று எனக்கும் தெரிகிறது. நன்றாகக்கூட இருக்கிறது. ஆனால் நீ நன்றாக யோசி. அரசாங்கப் பரீட்சையில் இந்தத் தாளைத் திருத்தப்போகிறவர் எங்கேயோ ஒரு மேசையில் இருப்பார். அவர் அழுகின சிப்பியைப் பார்த்திருக்க மாட்டார். அவர் கையில் ஒரு விடைக் குறிப்பு இருக்கும். நீ போட்ட சுழியைத்தான் அவரும் போடுவார். அன்றைக்கு இவளுக்காகப் பேச நீ அங்கே இருக்க மாட்டாய்."

தாளை என் பக்கம் தள்ளினார்.

"மதிப்பெண்ணை மாற்று. பட்டியலில் பேரைச் சேர்க்கிறேன். ஆனால் பரீட்சை வரைக்கும் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அவளை உட்காரவைத்து, திருத்துகிறவர் கேட்கிறபடி எழுதப் பழக்கு. இல்லையென்றால் இந்த இரக்கத்தால் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை."

இரக்கம். நான்காவது கட்டத்துச் சொல். சம்மதித்தேன்.

இரண்டு மாதம் பழக்கினேன். நாலரை மணிக்கு வகுப்பறை காலியானதும் நாங்கள் இரண்டு பேர். வெளியே வேப்ப மரத்தில் காக்கைகள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் பெஞ்சுகள் மேல் நீளமாகப் படுத்திருக்கும். எனக்கு அந்த ஊரில் வாய்த்த நல்ல நேரம் அதுதான் என்று சொன்னால் வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் நான் செய்துகொண்டிருந்த காரியம் அப்படி.

முதல் நாள் அவள் கேட்டாள்: "அம்மா சொன்னா, நான் எழுதுனது தப்பு இல்லன்னு நீங்க சொன்னீங்களாம்."

"ஆமாம்."

"அப்ப ஏன் மாத்தி எழுதணும்?"

தலைமையாசிரியை சொன்னதையே சொன்னேன். எங்கேயோ ஒரு மேசை, ஒரு விடைக் குறிப்பு. கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தலையைச் சாய்த்தாள்.

"அப்படின்னா நான் எழுதுனத அவரு படிக்க மாட்டாரு. தேடுவாரு. அவருக்கு வேண்டியது இருக்கான்னு."

"அப்படித்தான்."

"நீங்களும் அப்படித்தான் தேடுனீங்களா, டீச்சர்?"

கேலி இல்லை அந்தக் குரலில். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் நோட்டைத் திறந்து கோடு போட ஆரம்பித்தாள். நான்கு கட்டம்.

கெட்டிக்காரி. ஒரு வாரத்தில் வழி பிடிபட்டது. பாட்டோ, நாடக வசனமோ, எதைக் கொடுத்தாலும் அணியின் பெயரைச் சொல்லி, ஒப்புமையைப் பிரித்து, பொதுத்தன்மையை மூன்று சொல்லில் அடுக்கி, உணர்ச்சியைக் கடைசியில் வைப்பாள். காலமும் பன்மையும் ஒழுங்காயின. குரல்கூட இறங்கியது. தொடக்கத்தில் எப்போதாவது பேனாவை நிறுத்திவிட்டு, "டீச்சர், இங்கன வேற ஒண்ணு தோணுது," என்பாள். நான் ஆசையோடு, "சொல்லு," என்பேன். சொல்வாள். இருவரும் அதைச் சுற்றிப் பேசுவோம். பிறகு நானே, "சரி, இப்போது பரீட்சைக்கு எழுது," என்பேன். மாசி பிறந்த பிறகு அவளுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. நானாகக் கேட்டும் பார்த்தேன்.

"இதுல வேற என்ன இருக்கு டீச்சர்? நாலுலயும் எல்லாம் வந்துட்டே," என்றாள்.

அரசாங்கப் பரீட்சையன்று வாசலில் போய் நின்றேன். வேகமாக வெளியே வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. "முத்து வந்துச்சு டீச்சர்."

அவள் கையைப் பிடித்தேன். "என்ன எழுதினாய்?"

"உங்க நோட்ஸத்தான். ஒரு வார்த்த விடல்ல."

"நல்லது," என்றேன். நல்லதுதானே. அவள் தேறினாள். கல்யாணப் பேச்சு நின்றது. ஆசிரியைப் பயிற்சிக்குப் போனாள். அவளுடைய அம்மா ஒரு பனையோலைப் பெட்டி நிறையக் கருவாடு கொண்டுவந்து என் அறையில் வைத்துவிட்டு, "இத ஜன்னல மூடிட்டு வறுத்தீங்கன்னா ஒரு வாரம் ரூம்லயே இருக்கும்," என்று சொல்லிச் சிரித்தாள். அவள் போன பிறகு, வந்த புதிதில் மூடியதற்குப் பிறகு முதல் தடவையாக ஜன்னலின் தாழ்ப்பாளை நீக்கினேன். துருப்பிடித்து இறுகியிருந்தது. கல்லால் தட்ட வேண்டியிருந்தது. வாடை உள்ளே வந்தது. முகம் தன்னால் திரும்பிற்று. தாடையைப் பிடித்து யாரும் திருப்பிவைக்கவில்லை. நானாகத் திரும்பிப் பார்த்தேன். கிட்டங்கிக் கூரை, அதற்கு அப்பால் தோணிகள், அதற்கு அப்பால் வெள்ளையாக ஒரு கோடு.

யுத்தம் முடிந்தது. ரங்கூனில் அகப்பட்டிருந்தவர்கள் கப்பலேறி ஒவ்வொருவராக ஊர் சேர்ந்தார்கள். அண்ணன் வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் கடைசி வகுப்புக்கு அந்தக் காட்சியை நடத்தினேன். கரும்பலகையில் கட்டம் போடுவதை விட்டுவிட்டேன். நடத்தி முடித்ததும் நானே கேட்பேன்: அந்தப் பெண்ணுக்குக் கூடப் பிறந்தவன் யாரும் இல்லையா? பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பாடத்தில் தேடுவார்கள். "கொடுக்கப்படவில்லை டீச்சர்," என்று ஒருத்தி சொல்வாள். கடற்கரைத் தெருப் பெண்களும் இருப்பார்கள். அவர்களும் பேனாவைத் திறந்துவைத்து, நான் சொல்லப்போகும் குறிப்புக்காகக் காத்திருப்பார்கள். சொல்வேன். வேறென்ன செய்ய. எங்கேயோ அந்த மேசை இருந்துகொண்டுதானே இருக்கிறது.

நாடு விடுதலை அடைந்த பிறகு ஒரு நாள் அவளிடமிருந்து கடிதம் வந்தது. உள்நாட்டில் ஒரு பள்ளியில் வேலை. அழகான கையெழுத்து. எல்லாரும் நலம், அப்பாவுக்குக் காது முழுசாகப் போய்விட்டது, இனிக் கடலுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள், என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில்: இங்கேயும் உங்கள் நோட்ஸைத்தான் கொடுக்கிறேன், டீச்சர். பிள்ளைகள் நன்றாக எழுதுகிறார்கள்.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் அலைந்தேன். துறைமுகப் பாலம் வரை நடப்பேன், திரும்புவேன். உப்பளத்துப் பக்கம் போவேன். அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. எப்படித் தொடங்கினாலும் அது பாடம் நடத்துவது போலாயிற்று. முடிவில் எதுவும் எழுதவில்லை. அந்த அரைத் தாளை எடுத்தேன். அதை நான் பத்திரமாக வைத்திருந்தேன். என் சிவப்புக் கோட்டை மட்டும் கத்தி முனையால் சுரண்டினேன். தாள் மெலிந்து ஓரிடத்தில் கிழிந்தே போயிற்று. கிழிந்தது கிழியட்டும் என்று அப்படியே உறையில் போட்டு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தபால்காரர் படியேறி வந்து கொடுத்துவிட்டுப் போனார். ஜன்னலருகே நின்று பிரித்தேன். நலம் விசாரித்திருந்தாள். பொங்கலுக்கு ஊர் வருவதாக எழுதியிருந்தாள். பிறகு:

"தாள் கிடைத்தது. படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன் டீச்சர். எத்தனை பிழை. அப்போது எனக்கு இங்கிலீஷே தெரியாது. நீங்கள் எப்படித்தான் பொறுத்துக்கொண்டீர்களோ. என் வகுப்புப் பிள்ளைகள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கிழித்துப் போட்டுவிட்டேன்."

கடிதத்தை மடித்து வைத்தேன். மாலையில் காற்று திரும்பிக் கிழக்கே இருந்து அடித்தது. கிட்டங்கியில் புதுச் சங்கு வந்து இறங்கியிருக்க வேண்டும். வீட்டுக்காரம்மா கீழே இருந்து சத்தம் கொடுத்தாள்: "டீச்சர், இன்னைக்கு வாடை ரொம்ப அடிக்கி. ஜன்னலச் சாத்திக்கிடுங்க."

"இருக்கட்டும்," என்றேன்.